வெறுங்காலோடு நடந்த குரல்

போன இதழில் எனக்குப் பிடித்த வானொலிக் குரல்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். இலங்கை வானொலி மயில்வாகனன், கே.எஸ். ராஜா, நம் தென்கச்சி சுவாமிநாதன் என்று வரிசையாகச் சொல்லி வந்து, கடைசியில் ஆர்தர் காட்ஃப்ரே என்ற அமெரிக்கரின் பெயரையும் சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்தக் கடைசிப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்த மாதம் அவரைப் பற்றியே பேசுவோம்.

கேள்வி: யார் ஐயா இந்தக் காட்ஃப்ரே? சேலம் குகையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த உங்களுக்கு அவர் எப்படிப் பழக்கமானார்?
(கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

பதில்: எல்லாம் ஒரு பெட்டியால் வந்தது அம்மா. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர், எழுபதுகளில் ஒருநாள் ஜெனித் டிரான்ஸ்ஓஷியானிக் ரேடியோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கறுப்பு உறை போட்டு, சூட்கேஸ் மாதிரி மூடி திறக்கிற அமெரிக்க வால்வு செட். அதற்கு வேண்டிய வால்வு சேலத்தில் கிடைக்கவில்லை. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் சொல்லி வைத்து வாங்கிப் போட இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவர் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, நான் ஈயம் பற்றவைப்பதைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் படித்தவர். விடுதி அறையில் இதே பெட்டியில்தான் காலை பத்து மணிக்குக் காட்ஃப்ரேயைக் கேட்பாராம். "ஊர் ஞாபகம் வந்துச்சுன்னா அந்தாளு குரலைக் கேட்பேன். பேசுறது இங்கிலீஷ்தான். ஆனா எங்க சித்தப்பா திண்ணையில உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும்" என்றார். ஒரு வெள்ளைக்காரர் குரல் ஏற்காட்டுக்காரருக்குச் சித்தப்பா மாதிரி எப்படிக் கேட்கும் என்று அன்றைக்கு மனதில் விழுந்த கேள்வி, இன்றுவரை என்னை விடவில்லை.

காட்ஃப்ரே 1903 ஆகஸ்ட் 31 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கிடைத்த வேலையெல்லாம் செய்தார். 1920-ல் கடற்படையில் சேர்ந்து ரேடியோ ஆபரேட்டர் ஆனார். பின்னால் கடலோரக் காவல் படையிலும் இருந்தார். 1929-ல் பால்டிமோர் நகரத்து நிலையம் ஒன்றில் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடப் போனார். அப்படியே அறிவிப்பாளராக ஒட்டிக்கொண்டார். அங்கிருந்து வாஷிங்டன். 1934 முதல் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் வாஷிங்டன் நிலையமான டபிள்யூ.ஜே.எஸ்.வி.யில் விடிகாலை நிகழ்ச்சி. 1945 ஏப்ரல் 30 முதல் நாடு முழுக்கக் கேட்கும் காலை நிகழ்ச்சி. 1948 டிசம்பரில் தொலைக்காட்சி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் தினம் காலையில் வானொலி, திங்கள் இரவும் புதன் இரவும் தொலைக்காட்சி என்று மூன்று நிகழ்ச்சிகள் ஒரே ஆளுக்கு. 1951-52 பருவத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே முதல் இடத்தில் இருந்தது அவருடைய திங்கட்கிழமை நிகழ்ச்சி.

இத்தனைக்கும் அவர் பெரிய பாடகர் இல்லை, நடிகரும் இல்லை. செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி, மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. ஃப்ரெட் ஆலன் என்ற நகைச்சுவைக் கலைஞர் அவருக்கு வைத்த பெயர்: வெறுங்கால் குரல்காரர். செருப்பைத் திண்ணையோரம் கழற்றிவிட்டு உள்ளே வருகிற குரல் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

கேள்வி: "மைக்கில் பேசுகிறவர் ஒரே ஒருவரோடு பேச வேண்டும், அதைக் காட்ஃப்ரேயிடம் படிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். லட்சம் பேர் கேட்கும்போது ஒருவரோடு மட்டும் எப்படிப் பேசுவது?
(பள்ளி விழாக்களைத் தொகுத்து வழங்கும் ஆசிரியை, சூரமங்கலம்)

பதில்: அவருக்கே அது படுக்கையில் கிடந்தபோதுதான் தெரிந்தது டீச்சர். 1931-ல் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளக் காரில் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்த லாரி மோதியது. இடுப்பும் கால்களும் நொறுங்கிவிட்டன. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. நகர முடியாது, வேலை ஒன்றும் கிடையாது, பக்கத்தில் ரேடியோ மட்டும். அதுவரை மைக்குக்குப் பின்னால் இருந்தே பழகியவர் முதல்முறையாக நாள் முழுக்கக் கேட்கிறவராக ஆனார். அப்போதுதான் உறைத்தது. எல்லா அறிவிப்பாளர்களும் மேடை ஏறிய தலைவர் மாதிரி, வானொலி நேயர் பெருமக்களே என்று ஒரு கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். கேட்பவனோ கட்டிலில் தனியாகக் கிடக்கிறான். அவனிடம் யாருமே பேசவில்லை. எழுந்து வந்ததும் அவர் கூட்டத்தைக் கைவிட்டார். ஒரே ஓர் ஆளை மனதில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

அதற்கு மைக்கும் உதவியது. இது மெக்கானிக் சொல்கிற விஷயம். முப்பதுகளில் ரிப்பன் மைக், அதாவது உள்ளே மெல்லிய உலோகப் பட்டை அதிர்கிற மைக், புழக்கத்துக்கு வந்தது. அதன் அருகே வாயை வைத்துத் தணிந்து பேசினால் குரலின் அடிப்பகுதி கனத்துக் கேட்கும். காதுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி இருக்கும். கத்துவதற்குத் தேவையே இல்லாமல் போனது. ஆனாலும் பல பேர் அந்த மைக்கின் முன்னாலும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் குகையில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவரை நினைத்துப் பாருங்கள். கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. தலைக்கு மேலே பலகையில் வைத்த ரேடியோ அந்தக் காதுக்குத்தான். தறிச் சத்தத்தில் பாதி கேட்காது. நான் வீடுகளுக்குப் போய் ரேடியோ பார்த்த காலத்தில், எந்த அறிவிப்பாளர் வந்தால் நாடாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். தென்கச்சி சுவாமிநாதன் காலையில் "இன்று ஒரு தகவல்" சொல்ல வந்தால் தறி நிற்கும். அந்த மனுஷர் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை.

என் அனுபவம் ஒன்று. ஆடி மாதம் வண்டி வேடிக்கைக்கு நான்தான் மைக்செட், நானே அறிவிப்பும். ஒரு வருடம் நாலு வயசுப் பையன் ஒருவன் கூட்டத்தில் தவறி மேடைக்கு வந்துவிட்டான். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு, பச்சைச் சட்டை அணிந்த ஆண் குழந்தை ஒன்று" என்று ஏழெட்டு முறை சொன்னேன். அரை மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. வண்டிகள் ஜோடனையோடு வந்துகொண்டிருக்கின்றன, கூட்டம் அவற்றைப் பார்க்கிறது, என் குரல் வெறும் இரைச்சலாகிவிட்டது. பையன் அழவே ஆரம்பித்துவிட்டான். என்ன தோன்றியதோ, எழுதி வைத்ததைக் கீழே போட்டுவிட்டு அந்தத் தாயிடமே பேசினேன். "ஏங்கண்ணு, பயப்படாதே. உம் பையன் எங்கிட்ட பத்திரமா இருக்கான். முறுக்கு வாங்கிக் குடுத்திருக்கேன். பச்சைச் சட்டையில ஒரு பொத்தான் இல்ல, அந்த இடத்துல நீதான் ஊக்கு குத்தி விட்டிருக்கே. மேடைக்கு இடதுகைப் பக்கம் வேப்பமரம் இருக்கு, அங்க வா." ஐந்து நிமிடத்தில் ஓடி வந்தாள். முதலில் சொன்னதெல்லாம் காதில் விழுந்ததாம். யாரோ யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தேர் வீதியில் தேடிக்கொண்டிருந்தாளாம். ஊக்கு என்றதும்தான் தன்னிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்ததாம்.

அன்று எனக்குக் காட்ஃப்ரேயின் பெயர் தெரியாது. பெரியவர் சொல்லி, பல வருடம் கழித்து ஆஸ்பத்திரிக் கதையைப் படித்தபோது அந்த ஊக்குதான் நினைவுக்கு வந்தது. நீங்களும் அடுத்த விழாவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பாட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முழுக்க அவரிடம் மட்டும் சொல்லுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் போதும்.

கேள்வி: விளம்பரம் கொடுத்த கம்பெனியையே கேலி செய்வாராமே? அப்படியும் ஏன் காசு கொடுத்தார்கள்?
(வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், செவ்வாய்ப்பேட்டை)

பதில்: சரக்கு விற்றது, அதனால் கொடுத்தார்கள். வாஷிங்டனில் ஸ்லாட்னிக் என்ற உரோம ஆடைக் கடை இருந்தது. வாசலில் பஞ்சடைத்த பெரிய வெள்ளைக் கரடி ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். காட்ஃப்ரே அந்தக் கரடி எவ்வளவு அழுக்கு என்று ரேடியோவில் பேச ஆரம்பித்தார். ஊரே அந்தக் கரடியைப் பார்க்கக் கடைக்கு வந்தது. வந்தவர்கள் உள்ளேயும் போனார்கள்.

எழுதிக் கொடுத்த விளம்பர வாசகத்தை மைக்கிலேயே படித்துப் பார்த்து, இது என்ன இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஓரம் வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் பேசுவார். லிப்டன் டீயும் சூப்பும் அவருடைய பெரிய விளம்பரதாரர்கள். சூப்பில் கோழி இருக்கிறதா, இல்லை கோழி அதன் வழியாக நடந்துதான் போனதா என்கிற ரீதியில் பேசிவிட்டு, ஆனாலும் ருசி நன்றாக இருக்கிறது என்பார். கேட்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தையில் நம்பிக்கை வரும். குறையைச் சொன்னவன் நிறையைச் சொன்னால் அது பொய்யாக இருக்காது என்று நாம் எல்லாருமே நினைப்போம். உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாததில்லை. தரம் இவ்வளவுதான், சேதாரம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்கிற கடைக்குத்தானே அடுத்த கல்யாணத்துக்கும் போகிறோம்?

தான் நம்பாத பொருளை விற்க மாட்டேன் என்பது அவர் கொள்கை. ஆனால் அதே நாக்கு பல வருடம் செஸ்டர்ஃபீல்ட் சிகரெட்டையும் விற்றது. அதையும் அவர் நம்பித்தான் விற்றார், அவரும் புகைத்தார். 1959-ல் நுரையீரலில் புற்றுநோய் கண்டு, நுரையீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் பிழைப்பது அபூர்வம். அவர் பிழைத்தார். 1983 மார்ச் 16 வரை இருந்தார். எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சிகரெட்டை நீட்டியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. நம்பிக்கையான குரலுக்கு இந்த ஆபத்து உண்டு. அது எதை நீட்டினாலும் கை நீட்டி வாங்கிக்கொள்வோம்.

கேள்வி: அறிவிப்பாளர் மைக்கில் அழலாமா? காட்ஃப்ரே அழுதார் என்று ஒரு நண்பர் சொன்னார்.
(ஓய்வு பெற்ற தபால்காரர், ஜாகிர் அம்மாபாளையம்)

பதில்: அழுதார். 1945 ஏப்ரல் 14 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் இறுதி ஊர்வலம் வாஷிங்டன் தெருக்களில் போனபோது சி.பி.எஸ். சார்பில் வர்ணித்தவர் இவர். குதிரைகள் இழுத்த பீரங்கி வண்டியில் சவப்பெட்டி போனதைச் சொல்லி முடித்து, பின்னால் வந்த காரில் புதிய ஜனாதிபதி ட்ரூமனைப் பார்த்ததும், இந்தப் பாரமெல்லாம் இந்த மனிதர் தோளில் விழுகிறதே என்று சொல்ல வந்தார், குரல் உடைந்துவிட்டது. அவரைக் கடவுள் காக்கட்டும் என்று ட்ரூமன் பெயரைச் சொன்னதோடு மேலே பேச முடியவில்லை. அந்த ஒலிப்பதிவு இருக்கிறது. நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் வரவழைத்துக்கொண்ட அழுகை ஒரு துளியும் இல்லை.

அடுத்த இரண்டு வாரத்தில்தான் நாடு தழுவிய அவருடைய காலை நிகழ்ச்சி தொடங்கியது. உங்கள் கேள்விக்கு என் பதில்: வந்த அழுகையை அடக்க வேண்டாம், வராததை வரவழைக்கவும் வேண்டாம்.

கேள்வி: எல்விஸ் பிரெஸ்லியை இவர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராமே?
(மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர், கொண்டலாம்பட்டி)

பதில்: 1955-ல் அவருடைய திங்கட்கிழமை நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்கும் தேர்வில் எல்விஸ் தேறவில்லை. உண்மைதான். பட்டி ஹாலி என்ற ராக் பாடகரும் தேறவில்லை.

அந்த நிகழ்ச்சி நடந்த விதம் அழகு. கலைஞர் நேராக வந்து நிற்க முடியாது. அவரைக் கண்டெடுத்த ஒருவர் கூடவே வந்து, இவரை நான் எங்கே பார்த்தேன், ஏன் கூட்டி வந்தேன் என்று காட்ஃப்ரேயிடம் சொல்ல வேண்டும். பாட்டு முடிந்ததும் அரங்கத்தின் கைதட்டலைக் கருவி வைத்து அளப்பார்கள். பின்னால் பெரிய பாடகர்களான ரோஸ்மேரி குளூனியும் டோனி பென்னட்டும் ஒரே மேடையில் போட்டியிட்டு, குளூனி ஜெயித்தார். 1957 ஜனவரியில் பாட்ஸி க்ளைன் என்ற பாடகியை அறிமுகம் செய்துவைத்தது அவருடைய அம்மா. சொந்தக்காரர்கள் கூட்டி வரக் கூடாது என்று விதி. அம்மாவின் குடும்பப் பெயர் வேறாக இருந்ததால் தப்பித்தார்கள். பெண்ணும் ஜெயித்தாள்.

கேள்வி: இவ்வளவு நல்லவர் என்றால் அவரை ஏன் ஜனங்கள் வெறுத்தார்கள்? ஜூலியஸ் லா ரோசா விவகாரம் என்ன?
(வாசகர், ஓமலூர்)

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வராமல் இருந்தால் நானே எழுதியிருப்பேன்.

ஜூலியஸ் லா ரோசா கடற்படையில் இருந்த இளைஞர். அவர் பாடுவதைக் கேட்டுவிட்டு, படையிலிருந்து வெளியே வந்ததும் என்னிடம் வா என்று கூட்டி வந்து மேடை கொடுத்தவர் காட்ஃப்ரே. 1951-ல் வந்த பையனுக்கு இரண்டே வருடத்தில் மூட்டை மூட்டையாக ரசிகர் கடிதம். பாட்டுத் தட்டும் விற்றது. தனக்கென்று ஒரு ஏஜெண்டை வைத்துக்கொண்டார். காட்ஃப்ரே தன் குழுவினர் எல்லாரும் நடனம் படிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார். அந்த வகுப்புக்கு லா ரோசா ஒருமுறை வரவில்லை. இப்படிச் சின்னச் சின்னதாகச் சேர்ந்தது.

1953 அக்டோபர் 19, காலை நிகழ்ச்சி. தொலைக்காட்சிப் பகுதி முடிந்து வானொலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. லா ரோசாவைப் பாடச் சொன்னார். பாடினார். பாட்டு முடிந்ததும், இதுதான் எங்களோடு இவர் பாடிய கடைசிப் பாட்டு, இனி தன் வழியில் போகிறார் என்று நாடே கேட்க அறிவித்துவிட்டார். அந்தப் பையனிடம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, அவனிடம் பணிவு இல்லாமல் போய்விட்டது என்றார். அந்தப் பணிவு என்ற சொல்லே பிறகு அவரைத் திருப்பி அடித்தது. லா ரோசா எட் சல்லிவன் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய்ப் பாடினார், ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்கள். காட்ஃப்ரே அதோடு நிற்கவில்லை. அன்றே இசைக்குழுத் தலைவர் ஆர்ச்சி பிளேயரையும் அனுப்பினார். 1954 ஜனவரியில் டெட்டர்பரோ விமான நிலையத்துக் கோபுரத்தை உரசுகிற மாதிரி விமானத்தை ஓட்டி, ஆறு மாதம் உரிமத்தை இழந்தார். 1955-ல் ஒரே மூச்சில் இன்னும் பலரை நீக்கினார். அவர்களில் மாரினர்ஸ் என்ற நால்வர் பாட்டுக் குழுவும் உண்டு.

அதுதான் எனக்கு அதிக வலி. மாரினர்ஸில் இரண்டு பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படி ஒரு குழுவைத் தொலைக்காட்சியில் தோளோடு தோள் நிற்கவைத்ததற்காக, 1952-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஹெர்மன் டால்மட்ஜ் கண்டனம் தெரிவித்தார். காட்ஃப்ரே அசையவில்லை, அவர்களுக்காகப் பேசினார். ஓர் ஆளுநரை எதிர்த்துக் காப்பாற்றிய அதே நால்வரைத்தான் மூன்று வருடத்தில் தானே வெளியே அனுப்பினார்.

கேட்கும் ஒருவரை மனதில் வைத்துப் பேசியவர், பக்கத்தில் நின்ற ஒருவரை மறந்துவிட்டார். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று கேட்டால், என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் ஒரு பையன் இருந்தான். பன்னிரண்டு வயதில் ஒயர் சுற்ற வந்தவன், இருபது வயதில் என்னைவிட நன்றாக ஆம்ப்ளிஃபயர் கட்டுவான். ஒரு கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தில் செட் படுத்துவிட்டது. பேட்டரி மாற்றி வைக்கச் சொல்லியிருந்தேன், மறந்துவிட்டான். சரிசெய்து மைக் உயிர் பெற்றதும், அது ஆன் ஆகியிருக்கிறது என்று தெரிந்தே, "இனிமே நீ எங் கடைப் பக்கம் வராதே" என்றேன். நாலு ஹாரனிலும் தெரு முழுக்கக் கேட்டது. அவனுடைய அம்மா சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் இருந்த பிளையரை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். இப்போது வேறு ஊரில் சொந்தமாகக் கடை வைத்து நன்றாக இருக்கிறான். என் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன். வரவில்லை. மொய்ப் பணத்தை வேறொருவரிடம் கொடுத்தனுப்பினான். அந்தக் கவரை நான் இன்னும் பிரிக்கவில்லை.

கேள்வி: யுகுலேலே என்றால் என்ன?
(ஐந்தாம் வகுப்பு மாணவன், நாமமலை அடிவாரம்)

பதில்: நாலு கம்பி உள்ள குட்டிக் கிடார், தம்பி. ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. காட்ஃப்ரே அதை வாசித்துக்கொண்டே பேசுவார். தொலைக்காட்சியில் பாடமும் எடுத்தார். அவர் சிபாரிசு செய்த பிளாஸ்டிக் யுகுலேலே லட்சக்கணக்கில் விற்றது. 

கேள்வி: அவர் கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?
(வாசகி, ஆட்டையாம்பட்டி)

பதில்: தொலைக்காட்சிப் புகழ் அடங்கிவிட்டாலும் வானொலி நிகழ்ச்சியை விடவில்லை. 1972 ஏப்ரல் 30 அன்று முடித்தார். தொடங்கிய அதே தேதி, சரியாக 27 வருடம்.

நீங்கள் ஆட்டையாம்பட்டி என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கடைசி வருடங்களில் அவருக்கு ஆறு, ஏரி, காற்று பற்றிய கவலை வந்துவிட்டது. அப்போது ஆக்சியான் என்ற துணி ஊறவைக்கும் தூளுக்கு விளம்பரம் செய்துகொண்டிருந்தார். அந்த வகைத் தூள்களில் பாஸ்பேட் இருக்கிறது, அது சாக்கடை வழியாக ஏரியில் கலந்தால் பாசி மண்டும், பாசி அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மீன் சாகும் என்று தெரிந்துகொண்டார். விளம்பரத்தை விட்டுவிட்டார். செஸ்டர்ஃபீல்ட் விஷயத்தில் முடியாததை இதில் செய்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி தணிந்தது இந்த இடத்தில்தான்.

சேர்வராயன் மலைப் பக்கம் பிறந்து, சேலத்துக்குள் நுழைந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாறு என்ன நிறத்தில் ஓடுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நான் சின்னப் பையனாக அதில் குளித்திருக்கிறேன். இப்போது சாயக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்து நுரை மிதக்கும்போது பாலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோம். நம் ஊருக்காக, எனக்கு வருகிற இந்தக் காசு வேண்டாம் என்று மைக்கை வைத்துவிட்டு எழுந்துபோகிற ஒரு குரலுக்காக நான் காத்திருக்கிறேன்.

கேள்வி: அவர் குரலை இப்போது கேட்க முடியுமா?
(வாசகர், ஏற்காடு)

பதில்: முடியும். 1939 செப்டம்பர் 21 அன்று டபிள்யூ.ஜே.எஸ்.வி. நிலையம் காலையில் திறந்தது முதல் இரவு மூடும் வரை ஒலிபரப்பிய அத்தனையையும் தட்டுகளில் பதிவு செய்து அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. என் பேரன் கைபேசியில் இறக்கிக் கொடுத்தான். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி மூன்று வாரம் ஆன நாள் அது. பகலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் ரூஸ்வெல்ட் பேசுகிறார், தொடர் நாடகங்கள் வருகின்றன, பேஸ்பால் ஆட்டம் ஒன்றை நேரடியாக வர்ணிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், விடிகாலையில் காட்ஃப்ரே. மணி என்ன என்று சொல்கிறார், இசைத்தட்டுப் போடுகிறார், விளம்பரத்தோடு விளையாடுகிறார், தூக்கம் கலையாதவனை எழுப்புகிறார். நம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியதும் அதே 1939-ல்தான், மே மாதத்தில்.

ஏற்காட்டில் இருக்கிறீர்கள், உங்களுக்கு வசதி. காலை ஆறரைக்கு, ஏரியின் மேல் மூடுபனி கலையும் முன், காதில் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: தாத்தா வைத்திருந்த மர்ஃபி வால்வு ரேடியோ ஒன்று பரணில் கிடக்கிறது. முப்பது வருடமாகப் போடவில்லை. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?
(தறிப் பட்டறைக்காரர், அம்மாபேட்டை)

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் இத்தனை வருடத்தில் காய்ந்திருக்கும். நேராகக் கரண்ட் கொடுத்தால் ஷார்ட் ஆகி டிரான்ஸ்பார்மரே எரிந்துவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முதலில் பின்பக்க அட்டையைக் கழற்றித் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். வால்வுகளைப் பிடுங்க வேண்டாம், எது எங்கே என்று மறந்துபோகும். பிறகு தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவோடு தொடர் இணைப்பில் (சீரிஸில்) போட்டுக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தபடியே நின்றால் உடனே அணைத்துவிட்டு என்னிடம் கொண்டு வாருங்கள். முதலில் எரிந்து, பிறகு மங்கினால் நல்ல அறிகுறி.

டயலில் விளக்கு வந்ததும் சத்தம் வரவில்லையே என்று நாபைத் திருகாதீர்கள். வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். மொட்டை மாடியில் பத்தடி ஒயரை ஏரியலாகக் கட்டி, மீடியம் வேவில் மெதுவாக முள்ளை நகர்த்துங்கள். எந்த நிலையம் முதலில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.